துண்டுக்கு அடியில ஒண்ணுமில்ல

ஒரு ஊர்ல ஒரு கொடி இருந்துச்சு. பூ பூக்குற கொடி இல்ல, துணி காயப்போடுற கொடி. உறையூர்ல ஒரு மூணு மாடி ஃப்ளாட்டு, அதோட மொட்டை மாடி, அங்க தண்ணி டேங்குக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவுல இழுத்துக் கட்டின பச்சை நைலான் கயிறு.

அந்தக் கொடில யாரு எங்க தொங்கணும்னு ஒரு வரிசை உண்டு. யாரும் எழுதி வைக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். வெயில் நேரா விழுற எடத்துல மொத ஆளு, வீட்டுக்காரரோட பனியன். முதுகுல ஏழு ஓட்டை. ஆனா தோரணையப் பாத்தா கோட்டை மேல பறக்குற மாதிரி இருக்கும். பக்கத்துல ஜட்டி. எலாஸ்டிக் போயி ஒரு வருஷமாச்சு, அது பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கும். அப்புறம் லுங்கி, பெட்ஷீட்டு, சுடிதார். கடைசில, டேங்கு நிழல்ல, பெரிய பூப்போட்ட குளியல் துண்டு ஒண்ணு. அந்தத் துண்டுக்கு அடியில...

அடியில ஒண்ணுமில்ல. கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க.

ஐப்பசி மாசம். நாலு நாளா லீவுல இருந்த சூரியன் அன்னிக்குத்தான் வேலைக்கு வந்திருந்தான். இந்திராணி பக்கெட்டோட மாடிக்கு வந்தா. நாப்பத்தொரு வயசு, தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு. இடது பக்கம் பாத்தா, வலது பக்கம் பாத்தா. பக்கெட்டுக்கு அடியிலேருந்து சிவப்பா ஒண்ண உருவி, சட்டுனு துண்டைத் தூக்கி உள்ள போட்டு, நாலு மூலையும் கிளிப்பு மாட்டிட்டு ஓடிட்டா.

"ஹலோ?" உள்ளேருந்து சிவப்பு கேட்டுச்சு. "யாரு கரண்ட்டை ஆஃப் பண்ணது?"

"கத்தாதடி," பக்கத்துலேருந்து ஒரு தேஞ்ச குரல். கொக்கி வளைஞ்சு, பட்டை தொங்கி, பழசா ஒண்ணு. "நான் ஸ்கின் கலர். ஆறு வருஷ சர்வீஸ்."

"யாரோட ஸ்கின்னுக்கா?"

பழசு யோசிச்சுச்சு. "அதத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன். இந்தத் தெருவுலயே அப்படி ஒரு ஸ்கின் இல்ல."

"சரி, என் பேரு என்னக்கா?"

"ஷ்ஷ்."

"ஷ்ஷ்ஷா? நல்லாவே இல்லையே."

"பேரு இல்லடி. கடைல 'அது இருக்கா'ன்னு கேப்பாங்க. காலேஜ் பொண்ணுங்க இன்னர்னு சொல்லும். வயசானவங்க பாடிம்பாங்க."

"பாடியா? எத்தன மணிக்கு எடுக்குறாங்களாம்?"

பழசுக்குச் சிரிப்பு தாங்கல, கொக்கி கழண்டு போச்சு.

"தரை தொடைக்கிற துணிக்குக்கூட மாப்புன்னு பேரு இருக்கு!" சிவப்பு விடல. "எனக்கு 'அது'வா?"

மேலேருந்து துண்டு அதட்டுச்சு. "ரெண்டு பேரும் வாய மூடுங்க. மானம் போகுது."

"யாரு மானம்?"

"இந்திராணி மானம். நாந்தான் மூடிக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்."

"அது எங்க இருக்கு?"

"எனக்கு அடியில."

"அங்க நாங்கதான இருக்கோம்?"

துண்டு கனைச்சுச்சு. "நாலு பேரு பாப்பாங்க. எதிர் மாடிலேருந்து பாப்பாங்க."

"எதிர் மாடில யாரு இருக்கா?"

துண்டு எட்டிப் பாத்துச்சு. "ரெண்டு தொட்டி. ஒரு துண்டு."

"அந்தத் துண்டுக்கு அடியில?"

துண்டு சட்டுனு இந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.

மணி பன்னெண்டாச்சு. முன்னாடி பனியன் மொறுமொறுன்னு அப்பளமா காஞ்சிருச்சு. சிவப்போட விளிம்புலேருந்து மட்டும் இன்னும் சொட்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. பழசு மெதுவா சொல்லுச்சு.

"நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியுமா? நாளைக்குக் காலைல இவ ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு எட்டு போடப் போறா. போன மாசமும் போனா. நான் காயல. ஈரத்தோட என்னை மாட்டிக்கிட்டா. பாதி எட்டுல அரிச்சுச்சு பாரு! ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல, சொறியவா முடியும்? நெளிஞ்சா, கால ஊனிட்டா. எட்டு போடப் போனவ மூணு போட்டுட்டு வந்தா."

"அய்யோ!"

"கிரவுண்டு பூரா சிரிச்சுச்சு. அன்னிக்கு சாயங்காலம் கடைக்குப் போயி, தனக்குப் பிடிச்ச கலர்ல, தானே கேட்டு வாங்குனது உன்னை. நாளைக்கு நீ காஞ்சிருக்கணும். இல்லன்னா மறுபடியும் ஈரம், மறுபடியும் மூணு."

சிவப்போட விளையாட்டெல்லாம் போச்சு. "ஏ கிளிப்பு! என்னை விடு. நான் வெயிலுக்குப் போகணும்."

"மேலிடத்து ஆர்டர் இருக்கா?" கிளிப்பு கவுன்ட்டர்ல உக்காந்த மாதிரி கேட்டுச்சு. "நான் வெறும் கிளிப்பு. பிடிக்கச் சொன்னாங்க, பிடிக்கிறேன்."

"காத்தண்ணே!" சிவப்பு முழு வால்யூம்ல கூப்பிட்டுச்சு. "ஒரே ஒரு தடவண்ணே!"

காவேரிப் பக்கமா சும்மா போய்க்கிட்டிருந்த காத்து திரும்பிப் பாத்துச்சு. கூப்பிட்டா வராம இருக்குமா? வந்துச்சு பாருங்க ஒரு வீச்சு! கிளிப்பு பட்டுனு ஒடைஞ்சுச்சு, துண்டு தலைகீழா புரண்டுச்சு, சிவப்பு எகிறிப் பறந்து நேராப் போயி டிஷ் ஆன்டெனா உச்சில மாட்டிக்கிட்டு நின்னுச்சு.

கொடி மொத்தமும் அண்ணாந்து பாத்துச்சு.

அந்த நேரம் பாத்து டேங்குல தண்ணி இருக்கான்னு பாக்க மாடிக்கு வந்தாரு திருவேங்கடம் சார், ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரி. நிமிந்தாரு. பாத்தாரு. அப்படியே திரும்பி மாடிப்படியில வாய வச்சு, "சிஸ்டர்! இந்திராணி சிஸ்டர்! இங்க உங்க... வந்து... ஒண்ணு... பறந்து..."

"என்ன சார்?" கீழேருந்து இந்திராணி.

"அதாம்மா... துணி... சின்னதா... சிவப்பா... ஒரு ரெண்டு கிண்ணம் மாதிரி..."

ரெண்டாவது மாடிக் கதவு படார்னு தெறந்துச்சு. "என் ரசக் கிண்ணம் கெடைச்சுருச்சா சார்?" பாக்கியவதி கரண்டியோட மேல ஓடி வந்தா. "பிளாஸ்டிக்குதான? மூடி இருக்கா?"

"கிண்ணம் இல்லம்மா! மாதிரி! மாதிரி!" சாருக்கு வேர்த்து ஊத்துச்சு. "லேடீஸ் ஐட்டம்... மேல... உள்ள..."

"மேலயா உள்ளயா? தெளிவாச் சொல்லுங்க சார்!"

ஜட்டி சிரிச்ச சிரிப்புல கொடியே ஆடுச்சு.

இந்திராணி வந்து சேந்தா. ஆன்டெனாவப் பாத்தா. மூஞ்சி குபுகுபுன்னு சூடேறுச்சு. ரெண்டு பேரும் இவளையே பாக்குறாங்க. "என்னுது இல்ல"ன்னு ஒரு வார்த்தை, சொன்னா முடிஞ்சுது. வாயத் தெறந்தா.

"என்னு..."

உச்சில சிவப்பு மூச்ச பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதோட விளிம்புலேருந்து ஒரு சொட்டு விழுந்து இந்திராணி நெத்தில பட்டுச்சு. இன்னும் ஈரம். போன மாசம் கிரவுண்டுல கேட்ட சிரிப்பு அவ காதுல ஒரு சுத்து வந்துட்டுப் போச்சு.

"...என்னுதுதான். அது பிரா சார். நாளைக்குப் போட்டுக்கணும், இன்னும் காயல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெயிலை மறைக்கிறீங்க."

திருவேங்கடம் சார் தள்ளி நின்னாரு. அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி, அப்படியே படி எறங்கிட்டாரு. டேங்கப் பாக்கவே இல்ல.

"பிரா!" சிவப்பு தனக்குள்ளயே சொல்லிப் பாத்துச்சு. "ரெண்டே எழுத்து! இதுக்கா இம்புட்டு பில்டப்பு?"

இந்திராணி எக்கி அதை எடுத்தா. புருஷனோட பனியனை ஒரு சாண் தள்ளி, வெயில் விழுற மொத எடத்துல சிவப்பைப் போட்டு, ரெண்டு பக்கமும் கிளிப்பு மாட்டுனா. துண்டு அடியிலேருந்து பழசையும் உருவி பக்கத்துல தொங்க விட்டா.

"ஹலோ, இது என் எடம்," பனியன் முறைச்சுச்சு. "பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"உன் ஏழு ஓட்டையையும் இத்தன வருஷமா பாத்தாங்கள்ல? எவனாவது மயங்கி விழுந்தானா?" பழசு கேட்டுச்சு.

பனியன் ஓட்டையை எண்ண ஆரம்பிச்சுது.

பாக்கியவதி மட்டும் போகல. கரண்டிய முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு, கிட்ட வந்து குசுகுசுன்னு கேட்டா. "ஏங்க்கா... இது எந்தக் கடை?"

மூணு மணிக்கெல்லாம் சிவப்பு காஞ்சிருச்சு. நல்லா, சூடா, ஒரு பொட்டு ஈரம் இல்லாம. இந்திராணி எடுத்துக் கன்னத்துல வச்சுப் பாத்தா, சிரிச்சுக்கிட்டே கீழ கொண்டு போனா. பழசும் கூடவே போச்சு.

துண்டு மட்டும் தனியா தொங்குச்சு. அடியில நெஜமாவே ஒண்ணுமில்ல. வெயில் டேங்கைத் தாண்டிச் சாஞ்சு வந்து அது மேல விழுந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, பக்கத்துல ஒடையாம இருந்த கிளிப்புகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு.

"எனக்கு என்னமோ பண்ணுதுடா. ஒடம்பு லேசா இருக்கு. காத்துல தானா தூக்குது. சீக்கு எதுவும் வந்திருக்குமோ?"

கிளிப்பு தொட்டுப் பாத்துச்சு.

"சீக்கு இல்லக்கா. நீ காஞ்சிட்ட."