கடைத்தெருவில் இன்னொரு தேர்

கொன்றையூர் ராஜா மார்த்தாண்ட பூபதிக்கு நல்ல மனசு. ஆனால் புதுச்சாமான் எதைக் கண்டாலும் அந்த மனசு எங்கோ போய்விடும். ஒரு வருஷம் அவர் கண்ணில் பட்டது புது மாதிரிப் பெரிய மோட்டார் கார். சீமையிலிருந்து இரண்டு வரவழைத்தார். ஒன்று தனக்கு, மற்றது திவான் வேதாசலத்துக்கு. பழைய காரில் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். இதில் நாலு பேர் காலை நீட்டிப் படுக்கலாம்.

கார் அகலமாயிற்று. கடைத்தெரு அகலமாகுமா? அரண்மனையிலிருந்து ரயிலடிக்குப் போக அந்த ஒரு தெருதான். கார் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கச் சாக்கடைக்கும் நடுவே வேறொன்றுக்கும் இடமில்லை. பால்காரரும் தபால்காரரும் ஹார்ன் சத்தம் கேட்டதுமே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குள் ஏறிவிடுவார்கள். மருத்துவச்சி சவரியம்மாள் ஏறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பிரசவத்துக்கு அவசரமாக மிதித்துக்கொண்டு போனவளை ராஜாவின் கார் ஒதுக்கித் தள்ளியது. பையோடு சாக்கடையில் விழுந்தாள். எழுந்தவள், உள்ளே இருப்பது யாரென்றும் பாராமல் நாலு கேள்வி கேட்டுவிட்டாள்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திவான் அன்றைக்கே உத்தரவு எழுதினார்: "மகாராஜாவின் கார் வரும்போது, சாமியின் தேர் வரும்போது எப்படி நடந்துகொள்வார்களோ, குடிகள் அப்படியே நடந்துகொள்ள வேண்டும். ஊரிலுள்ள சைக்கிள்கள் அனைத்தும் அரண்மனை லாயத்தில் பூட்டப்படும்."

சவரியம்மாள் ஆஸ்தான விகடர் ஆராவமுதனிடம் வந்து நின்றாள்.

"ஐயா, இந்த மாசம் மட்டும் ஏழு பேருக்கு நாள் நெருங்கிருச்சு. சுத்தி நாலு கிராமம். நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு உசிரு போச்சுன்னா யார் முகத்துல முழிப்பேன்?"

ஆராவமுதனின் மகளைப் பிரசவத்தில் பிழைக்க வைத்தவளும் அவள்தான். நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, அந்த ஒரு சைக்கிளையாவது..."

"முடியாது! வெள்ளிக்கிழமை நாலு மணி ரயிலில் என் மாமியார் வருகிறார். நான் காரில் போய் எதிர்கொள்ளப் போகிறேன். அன்றைக்கு உத்தரவு ஓர் எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும். அது உம்முடைய பொறுப்பு. பிசகினால் இந்தச் சபைப் பக்கமே வராதீர்."

"பிசகாமல் நடந்தால், மகாராஜா?"

"கேட்டதைத் தருகிறேன், போம்!"

திவான் மீசைக்குள் சிரித்தார். ஆராவமுதன் கும்பிட்டுவிட்டு நேரே கடைத்தெருவுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏற்பாடுகளைக் கவனிக்க திவான் தன் காரில் பன்னிரண்டு மணிக்கே ரயிலடிக்குப் போய்விட்டார். ராஜா ஆராவமுதனையும் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு மணிக்குப் புறப்பட்டார். தெருவில் ஒரு சைக்கிள் இல்லை. ஜனங்கள் ஓரமாகக் கைகூப்பி நின்றார்கள். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

முதல் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் தேங்காய் பழத் தட்டோடு குறுக்கே வந்தாள். கார் நின்றது. தேங்காய் உடைத்தாள், சூடம் காட்டினாள். ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாம் வீட்டிலும் தட்டு. மூன்றாம் வீட்டில் கல்யாணக் கூட்டம் மாதிரி பதினோரு தட்டுகள்.

"என்ன ஓய் இது?"

"தேர் வந்தால் வீட்டுக்கு வீடு நின்று அர்ச்சனை வாங்கும், மகாராஜா."

அதற்குள் நாற்பது பேர் காரின் முன்னால் வடத்தைக் கட்டினார்கள். டிரைவரை இஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள்.

"தேருக்கு இஞ்சின் ஏது, மகாராஜா?" என்றார் ஆராவமுதன்.

நாதஸ்வரம் முழங்கியது. இழுத்தார்கள். இரண்டடி நகர்ந்ததும் ஒருவன் ஓடிவந்து சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டான். மறுபடி இழுத்தார்கள். மறுபடி கட்டை. மணி மூன்றே முக்கால் ஆனபோது, திரும்பிப் பார்த்தால் அரண்மனை வாசற்காவலனின் மீசை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து எல்லோரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தார்கள்.

"ஏன் நின்றுவிட்டார்கள்?"

"இன்றைக்கு இவ்வளவுதான், மகாராஜா. நம் ஊர்த் தேர் இரண்டு நாள் ஓடும். மீதி நாளைக் காலையில்."

தூரத்தில் ரயில் கூவியது. ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் யாருக்கும் பயப்படாதவர். மாமியார் கணக்கில் சேர்த்தியில்லை.

"ஓய் ஆராவமுதரே! ஏதாவது செய்யுமய்யா!"

"சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். லாயத்தைத் திறக்க நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"திற! திற!"

சவரியம்மாளின் சைக்கிள் காருக்கு மேலாகக் கைமாறி முன்னால் இறங்கியது. ராஜாவுக்கு மிதிக்கத் தெரியாது. பின் கேரியரில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். சவரியம்மாள் மிதித்தாள். ஆராவமுதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். காற்றுப் பட்டதும் ராஜாவுக்குக் குஷிகூட வந்தது.

பாதித் தெருவில் எதிரே ஒரு கார். திவானுடையது. தெருவை அடைத்துக்கொண்டு, ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. கேரியரில் இருப்பது யாரென்று பார்க்கத் திவானுக்கு என்ன தலையெழுத்து! சைக்கிள் ஒதுங்கியது. ஒதுங்க இருந்த இடம் சாக்கடை ஒன்றுதான்.

கார் ஜன்னல் வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"திவானே, நிறுத்துங்க. அந்தச் சாக்கடையில நிக்கிறது நம்ம மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

முழங்கால் சேற்றில் நின்றபடி ராஜா மாமியாருக்குக் கும்பிடு போட்டார். சவரியம்மாள் அவருக்குக் கை கொடுத்தாள்.

"பழகிரும் மகாராஜா. செவ்வாய்க்கிழமை நான் விழுந்ததும் இதே இடந்தான்."

ராஜா அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஓய், ஓர் எழுத்துப் பிசகவில்லை. கேளும்."

"எல்லாருடைய சைக்கிளும் வேண்டும், மகாராஜா."

"தந்தேன். இந்த அம்மாள் போகும்போது என் வண்டியே நின்று வழி விடும். அது சரி, இந்த இரண்டு காரையும் என்ன செய்வது?"

ஆராவமுதன் மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"பத்திரமாகக் கொட்டகை போட்டு மூடி வைப்போம், மகாராஜா. தேர் வருஷத்துக்கு ஒரு தடவைதானே வெளியே வரும்?"