கோமதிநாயகம் சாரின் இருபத்திமூன்று பெட்டிகள்

ஜெபசீலி மேடத்திடம் பி.எச்.டி. செய்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதலில் அந்தச் சுவரைப் பற்றித்தான் சொல்வார்கள்.

கல்வியியல் துறை மாடியில் கடைசி அறை. மேடத்தின் மேசைக்கு எதிரே வெறும் சுவர். ஆய்வு மாணவர்கள் அவரவர் படத்தை அதில்தான் ஒட்ட வேண்டும். எது எதனால் நடக்கிறது என்று நாம் நினைக்கிறோமோ, அதைப் பெட்டி பெட்டியாக வரைந்து, நடுவே அம்பு போட்டுக் காட்டுகிற படம். கருத்துச் சட்டகம் என்று அதற்குப் பெயர். கேள்வித்தாள், கணக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படம் சுவருக்கு வந்துவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. அறைக்குள் இருக்கிற யாரும் எந்த அம்பின் மேலும் விரலை வைத்து "ஏன்?" என்று கேட்கலாம். உனக்கு முன்னால் இதை ஆராய்ந்தவர் யார், எந்த வருஷம், என்ன கண்டார் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் அம்பை அழித்துவிட வேண்டும். நான் ஆசை ஆசையாகப் போட்ட ஓர் அம்பை ஒரு முதலாமாண்டுப் பெண் விரலை வைத்தே கொன்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை நான்.

இப்போது எனக்கும் தனி அறை இருக்கிறது. கதவில் "முனைவர் ஆவுடையம்மாள்" என்று பலகை, உள்ளே ஏ.சி. என் மாணவர்கள் படத்தை மெயிலில் அனுப்புகிறார்கள். நான் பஸ்ஸில் வரும்போது போனிலேயே பார்த்து "ஓகே" போட்டுவிடுகிறேன். மேடம் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அந்தச் சுவரில் இப்போது ஸ்மார்ட் போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஸ்கெட்ச் பேனா வாசனையும், கேன்டீன் டீயும், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற அந்தச் சத்தமும் எப்போதாவது ஞாபகத்துக்கு வரும். வந்தால் அன்றைக்கு வேலை ஓடாது.

நான் மாணவியாக இருந்த காலத்தில் மேடத்தின் அந்த அறைக்குத்தான் கோமதிநாயகம் சார் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. மலையடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். வரலாற்று வாத்தியாராகச் சேர்ந்து மேலே வந்தவர். பகுதிநேர ஆய்வு மாணவர் என்பதால் சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். மேடத்துக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அவர் மேடத்தைப் பார்த்ததும் எழுந்து நிற்பார், மேடம் அவரைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். யார் முதலில் உட்காருவது என்பதிலேயே கொஞ்ச நேரம் போகும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு.

"இந்த வயசுல எதுக்கு சார் இந்தப் பாடு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கல்வி ஆபீஸ் மீட்டிங்ல எந்திரிச்சு, எங்க ஊர்ல பிள்ளைங்க இப்படி இப்படி நின்னு போகுதுன்னு சொல்லுதேன். கதை விடாதீங்க சார், டேட்டா இருக்கான்னு கேக்காங்க. எல்லாரும் சிரிக்காங்க. ஒரு நாளாவது இருக்குன்னு சொல்லணும்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய படத்தை, ஆய்வுக்கு அனுமதி தருகிற டாக்டரல் கமிட்டி ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவது தடவையும் திருப்பினால் பதிவு ரத்து. அந்த வயதில் மறுபடி பதிவு செய்ய அவருக்கும் தெம்பில்லை, பல்கலைக்கழக விதியும் இடம் தராது. கமிட்டி அடுத்த மாதம் கூடுவதாக இருந்தது.

மூன்றாவது தடவைக்கான படத்தை அவர் சுவரில் ஒட்டிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முழு சார்ட். ஸ்கேல் வைத்து, பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்தில், பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஓர் அம்பு கிளம்பி, வலது ஓரத்தில் "இடைநிற்றல்" என்று எழுதிய ஒரே பெட்டிக்குள் போய் இறங்கியது.

"எத்தனை பெட்டி சார்?"

"இருபத்திமூணு மேடம்."

"அடேங்கப்பா" என்றேன் நான். மேடம் ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"எத்தனை பிள்ளைங்ககிட்ட கேக்கப் போறீங்க?"

"ஒரு இருநூறு பேரு. அதுக்கு மேல என்னால அலைய முடியாது."

"இருநூறு பேரை வச்சுக்கிட்டு இருபத்திமூணு அம்பைத் தாங்க முடியாது சார். எது நிஜம், எது தற்செயல்னு கணக்கால பிரிச்சுச் சொல்லவே முடியாமப் போயிரும். அஞ்சு போதும். எதை எடுக்கலாம்னு நீங்களே பாத்துட்டு வாங்க."

அடுத்த சனிக்கிழமை வந்தார். புது சார்ட், ஐந்தே பெட்டி. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மேடம் எழுந்து போய் "குடும்பச் சூழல்" என்ற பெட்டியில் விரலை வைத்தார்.

"இதுக்குள்ள என்னென்ன சார் இருக்கு?"

"அப்பா குடிக்கிறது, கடன், அம்மா வெளியூர் வேலைக்குப் போறது, சின்னப் பிள்ளைகளைப் பாத்துக்கிறது…" சொல்லிக்கொண்டே போனார். ஒன்பது வந்தது.

"பக்கத்துப் பெட்டி?"

"அதுல ஒரு ஆறு இருக்கு."

"ஷேர் ஆட்டோல ஏத்துற மாதிரி ஏத்தியிருக்கீங்களே சார். ஒருத்தரையும் இறக்கி விடலையா?"

அவரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

கமிட்டிக்கு முந்தின சனிக்கிழமை மதியம் மறுபடி வந்தார். கையில் அந்தப் பழைய சார்ட். அதே இருபத்திமூன்று. சுவரில் ஒட்டினார், ஆனால் உட்காரவில்லை.

"மேடம், நான் விட்டுரலாம்னு இருக்கேன்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"ராத்திரி பகலா பாத்துட்டேன். ஒண்ணைக்கூட எடுக்க முடியல. உங்களையும் சங்கடப்படுத்த வேண்டாம்னு நேர்ல சொல்ல வந்தேன்."

மேடம் எழுந்து சுவரிடம் போனார். "பஸ் நேரம்" என்ற பெட்டியிலிருந்து கிளம்பிய அம்பின் மேல் விரலை வைத்தார்.

"ஏன்?"

"இசக்கியம்மா" என்றார் சார்.

நான் அந்தப் பெயரில் யாரையும் படித்ததில்லை. என்னடா, ஒரு முக்கியமான கட்டுரையை விட்டுவிட்டோமோ என்று நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன்: "எந்த வருஷம் சார்?"

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு."

என் பேனா அப்படியே நின்றுவிட்டது.

"பஸ் டைமை மாத்திட்டான். மணி அடிச்சதுக்கு அப்புறம்தான் வந்து சேருவா. கேட்டைப் பூட்டிருவோம்லா. வெளியவே நின்னு பாத்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவா. கொஞ்ச நாள் அப்படியே நின்னா. அப்புறம் பீடி சுத்தப் போயிட்டா."

மேடத்தின் விரல் அடுத்த அம்புக்குப் போனது. "கண் பார்வை."

"சுடலைக்கண்ணு. போர்டுல எழுதுறது அவனுக்குத் தெரியலை. அவனும் யார்கிட்டயும் சொல்லலை. நாங்க மக்குன்னு நெனச்சோம். செங்கச் சூளைக்கு வேலைக்குப் போன இடத்துல எவனோ கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கான். அதுக்கு அப்புறம் என்னை ரோட்டுல பாத்து, சார் உங்க மூஞ்சி இப்பத்தான் தெளிவா தெரியுதுன்னான்."

"தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல்."

"மைதீன் பாத்துன்னு ஒரு பிள்ளை."

இப்படியே போயிற்று. மேடம் ஒரு பெட்டியையும் தாண்டவில்லை. ஒவ்வொன்றிலும் விரலை வைத்தார், ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயரைச் சொன்னார். சிலருக்கு வீடு இருக்கிற தெருவைக்கூடச் சொன்னார். கேன்டீனிலிருந்து வந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. முன்னால் ஆராய்ந்தவர்களின் பெயரை மட்டுமே கேட்டுப் பழகின அறை அது.

கடைசி அம்பு முடிந்ததும் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் தடவையாக, மேடம் உட்காருவதற்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க மேடம். இதுல எந்தப் பிள்ளையை எடுக்க? ஒரு தடவை வெளிய போனதுங்களை நானே இன்னொரு தடவை வெளிய அனுப்பவா?"

மேடம் மெதுவாகக் கேட்டார்.

"சார், இருபத்திமூணையும் அப்படியே வச்சுக்குவோம். அப்பவும் இதுல எந்தப் பெட்டியிலயும் அடங்காத பிள்ளை யாராவது உண்டா?"

சார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பேச்சித்தாய்" என்றார்.

"ஏன் நின்னா?"

"தெரியாது மேடம். நல்லா படிப்பா. வீட்டுல வசதி. அப்பா அம்மா தங்கமான மனுசங்க. வீடு பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்ல. ஒரு திங்கக்கிழமை வரலை. நானே போய்க் கூப்பிட்டேன். வாசல்ல நின்னு தலையைக் குனிஞ்சுகிட்டு, இனிமே வரலை சார்னு மட்டும் சொன்னா. இன்னைய வரைக்கும் ஏன்னு எனக்குத் தெரியாது."

"இந்தப் படத்துல அவளுக்கு எந்த இடம்?"

சார் சுவரைப் பார்த்தார். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு, மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"இல்ல மேடம். அவளை நான் சேக்கவே இல்ல."

மேடம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புது சார்ட்டை எடுத்து விரித்தார். வலது ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு "இடைநிற்றல்" என்று எழுதினார்.

"உங்க அனுபவத்துல நெறையப் பிள்ளைகளைக் கொண்டுபோன காரணம் அஞ்சு சொல்லுங்க. கேள்வி கேட்டு அளக்கக்கூடியதா இருக்கணும். முன்னாடி யாராவது ஆராய்ஞ்சதாவும் இருக்கணும்."

சார் சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்ல அவருக்கு நேரமாயிற்று. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மேடம் அவசரப்படுத்தவில்லை. ஐந்து பெட்டியும் போட்டு ஐந்து அம்பும் இழுத்த பிறகு, கீழே ஒரு வட்டம் வரைந்தார். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அதிலிருந்தும் ஓர் அம்பை "இடைநிற்றல்" வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

"இது என்ன மேடம்?"

"மிச்சம். புத்தகத்துல இதுக்குப் பெரிய பேரெல்லாம் உண்டு. நமக்குத் தெரியாதது, அளக்க முடியாதது, தெரிஞ்சும் விட்டது எல்லாம் இதுக்குள்ள வரும். பேச்சித்தாய் இதுக்குள்ள இருக்கா. சுடலைக்கண்ணும்தான்."

அந்தப் படத்தைத்தான் கமிட்டி அடுத்த வாரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்று மதியம் சார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒரு பேருகூட எழுதாத வட்டத்துக்குள்ள பிள்ளைகளைத் தள்ளிட்டு, நான் என்னத்தை மேடம் ஆராய்ச்சி பண்ண? இவங்களை ஒதுக்கி வைக்க ஒரு இடம் போட்டுக் குடுக்கீங்க. அவ்வளவுதான?"

"எல்லாரையும் கேட்டு முடிச்சப்புறம், இந்த அஞ்சு பெட்டியும் சேந்து நூத்துக்கு எவ்வளவு விளக்குதுன்னு கணக்கு சொல்லிரும் சார். நாப்பதுன்னு வச்சுக்குவோம். மீதி?"

"அறுபது."

"அது எங்க இருக்கு?"

சார் எழுந்து வந்து, குனிந்து, வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"உங்க ஆபீஸ் மீட்டிங்ல இதுவரைக்கும் யாராவது இந்த அறுபதைப் பத்திப் பேசியிருக்காங்களா?"

"இல்ல மேடம். காரணமெல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் எல்லாரும் பேசுவோம். நானும் அப்படித்தான் பேசியிருக்கேன்."

மேடம் ஸ்கெட்ச் பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நமக்கு எவ்வளவு தெரியலைன்னு அளந்து சொல்லத்தான் சார் அந்த அஞ்சு பெட்டி."