ஏகாம்பரம் வீட்டு பஸ்

புத்தி இல்லாதவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் ஊருக்கு அவ்வளவாக நஷ்டமில்லை. அவர்களுக்குச் சக்கரம் கிடைத்துவிட்டால்தான் ஆபத்து.

ஏகாம்பரத்துக்குச் சக்கரம் கிடைத்தது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். இருந்த ஓட்டு வீட்டை விற்று, ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பழைய பஸ்ஸை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார். “இனிமே ஊர் ஊராப் போயித் தொண்டு செய்யப் போறோம். கூலி வேண்டாம். வண்டி நிறுத்த இடம், ஒரு குழாய், ஒரு கரண்டு கனெக்‌ஷன். அது போதும்” என்றார். அவர் பெண்டாட்டி பூரணம் எனக்குச் சித்தி மகள். அதனால்தான் இந்த வயிற்றெரிச்சலெல்லாம் என் காதுக்கு வந்தது. வேறு யாராவதாக இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பஸ்ஸில் மொத்தம் நாலு பேர். ஏகாம்பரம், பூரணம், ஏகாம்பரத்தின் தம்பி சிற்றரசு, பூரணத்தின் தம்பி மாசிலாமணி. வண்டி ஓட்டுவது சிற்றரசு. கண்டக்டர் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு விசில் அடித்தால் எடுக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. சிற்றரசு கேட்டதும் இல்லை.

கோடையில் மலைப் பூங்காவுக்குப் போய்க் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, குளிர்காலத்தில் கொக்கனேரி பறவைகள் ஏரிக்குப் போய்க் காவல் நிற்பது என்று திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் வருடம் மூட்டை கட்டி முடிப்பதற்குள் கோடை முடிந்துவிட்டது. இவர்கள் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பூவும் இல்லை, கூட்டமும் இல்லை. உடனே பஸ்ஸுக்குள் கூட்டம் போட்டார்கள்.

“நாம லேட்டாக் கிளம்பிட்டோம்ணே” என்றான் சிற்றரசு.

“அப்ப இனிமே ஒரு பருவம் முன்னாடியே கிளம்பிடணும்” என்று ஏகாம்பரம் தீர்ப்புச் சொன்னார்.

அப்படியே செய்தார்கள். கோடைக்கான மலைக்கு மார்கழியிலேயே போய், போர்வை போதாமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். பூங்காக் காவலாளி பாவப்பட்டு, “சித்திரையில வாங்கய்யா” என்றான். “சித்திரையில எப்படி வர முடியும்? அப்ப நாங்க குளிர்கால வேலைக்குப் போயிருப்போமே” என்றார் ஏகாம்பரம். சொன்னபடி சித்திரை வெயிலில் கொக்கனேரிக்குப் போய், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரிக்குக் காவல் நின்றார்கள். வெடித்துக் கிடந்த தரையில் மேய்ந்த எருமைகளிடம், “பறவைகளுக்குத் தொந்தரவு பண்ணாதீங்க” என்று மாசிலாமணி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

இப்படியே எல்லாப் பருவத்துக்கும் முந்தி முந்திப் போய்க்கொண்டிருந்தவர்களை இன்ஜின்தான் காப்பாற்றியது. அது கெட்டுப்போய் ஒரு பருவம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதனால், தவறிப்போய், சரியான நேரத்துக்குக் கொக்கனேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஏரி நிறையத் தண்ணீர், மரம் நிறையப் பறவை. வனவர் தேவசகாயம் ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். கரையில் ஒரு மருதமரத்தைக் காட்டினார். “இதுக்கடியில நிறுத்திக்கோங்க. குழாய் இருக்கு, கரண்டு தர்றேன். ஒழுங்கா வேலை செஞ்சீங்கன்னா பங்குனி வரைக்கும் இருக்கலாம். இல்லன்னா வண்டிய எடுத்துடணும்.”

மெக்கானிக்கோ, இந்த இன்ஜின் இன்னொரு பயணம் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தான். வேறு போக்கிடம் கிடையாது, விற்க வீடும் கிடையாது. பூரணம் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னங்க, எனக்கு முட்டிவலி. குலுங்காத அடுப்புல சமைச்சு எவ்வளவு நாளாச்சு. இந்த இடத்தை மட்டும் விட்டுடாதீங்க.”

“நான் இருக்கேன்ல” என்றார் ஏகாம்பரம். எனக்கு அதுதான் பயம்.

இடம் பக்கவாட்டிலும், முன்பக்கம் ஏரியைப் பார்த்தும் சரிவாக இருந்தது. “சக்கரத்துக்குக் கல்லு வச்சு மட்டம் பண்ணிக்கோங்க. ஒரு டம்ளர்ல தண்ணி வச்சுப் பாத்தா மட்டம் தெரிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு வனவர் போனார். நாலு பேரும் பஸ்ஸின் தரையில் டம்ளரை வைத்துக் குனிந்து பார்த்தார்கள்.

“தண்ணி படுத்தாப்புல நேரா இருக்கே” என்றாள் பூரணம்.

“ஆனா என்னால நேரா நிக்க முடியலியே அத்தான்” என்றான் கம்பியைப் பிடித்துத் தொங்கிய மாசிலாமணி.

“தண்ணி பொய் சொல்லுமா மாப்ள? கோணல் உங்கிட்டதான் இருக்கு.”

அதனால் கல் சக்கரத்துக்குப் போகவில்லை. நாலு பேரும் ஒரு காலில் மட்டும் பலகையைக் கட்டிக்கொண்டார்கள். அடுப்படிக்குப் போகும்போது சரியாக இருந்தது. திரும்பி வரும்போது இரண்டு மடங்கு சாய்ந்தது. மறுபடி கூடிப் பேசி, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வருவது என்று முடிவு செய்தார்கள். பூரணம் அந்த முட்டியோடு குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள்.

அடுத்தது வேலை. “கரையில யாரும் சத்தம் போடக் கூடாது. போட்டா எச்சரிக்கை பண்ணுங்க, கேக்கலன்னா வெளியேத்துங்க” என்பது வனவர் உத்தரவு. அன்று வந்தவர்கள் நல்ல ஜனங்கள், வாயே திறக்கவில்லை. ஆனாலும் காது கிழிந்தது.

“சத்தம் மரத்துல இருந்துல்ல வருது” என்றான் சிற்றரசு.

“யாரும்னு சொன்னா எல்லாருக்கும்தானடா சட்டம். முதல்ல எச்சரிக்கை பண்ணு.”

எச்சரித்தார்கள். பறவைகள் கேட்கவில்லை. பிறகு சட்டப்படி தகர டப்பாவைத் தட்டி வெளியேற்றினார்கள்.

வனவர் வந்தபோது ஏரி அமைதியாக இருந்தது. “பறவையெல்லாம் எங்கய்யா?”

“ஒரே சத்தம் சார். ஒரு தடவை சொல்லிப் பாத்தோம், கேக்கல” என்றார் ஏகாம்பரம் பெருமையோடு.

நல்லவேளை, இருட்டுவதற்குள் பறவைகள் திரும்பி வந்துவிட்டன. அவற்றுக்கும் வேறு போக்கிடம் இல்லைபோல. வனவர் அன்றைக்கே துரத்தியிருப்பார். ஆனால் மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகிறார், அந்த நேரத்தில் ரகளை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். “நாளைக்கு நீங்க ஒண்ணுமே செய்யக் கூடாது. வண்டிய இலைதழை போட்டு மூடிட்டு உள்ளயே உக்காந்திருங்க. மூச்சு விடக் கூடாது. அவர் நல்லபடியாப் போனா பங்குனி வரைக்கும் இருங்க. ஏதாவது ஆச்சு, அவ்வளவுதான்.”

விடிந்ததும் பஸ்ஸைக் கிளைகளால் மூடினார்கள். அடையாளமே தெரியவில்லை, பச்சைக் குன்று மாதிரி இருந்தது. உள்ளே உட்கார்ந்து, முறை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பிடித்தால் மயக்கம் வந்துவிடும் என்று மாசிலாமணிதான் யோசனை சொன்னான். நாலு பேரில் அவன் கொஞ்சம் படித்தவன்.

பூரணத்துக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. வருகிற அதிகாரிக்கு ஒரு வாய் பருப்புச் சோறு போட்டால் இடம் நிலைக்குமே என்று, அதுவரை தொடாத புதுக் குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

அதிகாரி வந்தார். ஏரியைப் பார்த்தார், பறவைகளைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பச்சைக் குன்றையும் பார்த்தார். “அடடா, மறைஞ்சிருந்து பறவை பாக்கக் குடிசையா? நல்ல வேலை செஞ்சிருக்கீங்க” என்று வனவரின் முதுகில் தட்டிவிட்டு, கிளையை விலக்கிப் படியில் ஒரு காலை வைத்தார்.

குக்கர் ஒரு விசில் அடித்தது. டிரைவர் சீட்டில் இருந்த சிற்றரசு நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த விசிலும் வந்தது. கைப்பிரேக்கை விட்டான்.

சக்கரத்துக்குக் கல் இல்லை. சரிவோ ஏரியைப் பார்த்து. அதிகாரி கரையிலேயே உருண்டு விழுந்தார். அவருடைய ஒரு ஷூ மட்டும் படியில் நின்று பயணம் செய்தது. குன்று மெதுவாக இறங்கி, தண்ணீரைப் பிளந்துகொண்டு போய், ஏரி நடுவில் ஜன்னல் மட்டத்துக்கு முங்கி நின்றது.

“எவன்டா விசில் அடிச்சது?” என்று கத்தினார் ஏகாம்பரம்.

“யார் அடிச்சா என்னண்ணே? விசில் விசில்தானே?”

ஏகாம்பரம் விசிலை விரல் விட்டு எண்ணினார்; இரண்டு. “அதுவும் சரிதான்” என்றார்.

ஜன்னல் வழியாக இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து கரையேறினார்கள். பூரணம் குக்கரை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். “சார், பருப்பு வெந்திருக்கும்” என்று சேற்றில் கிடந்த அதிகாரியிடம் நீட்டினாள்.

அதிகாரி வாயைத் திறந்தார். அதற்குள் பச்சைக் குன்றின் மேல் ஒரு நத்தைகொத்தி நாரை வந்து இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று, சுள்ளியோடு. கரை மருதமரத்தில் ஜனக் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டிருந்த நாரைகளெல்லாம், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்த இடத்தைக் கண்டதும் ஒவ்வொன்றாகக் குடிபெயரத் தொடங்கின.

அதிகாரி ஷூவை மறந்தார். “ஏரி நடுவுல கூடு கட்ட இடமில்லையேன்னு எத்தனை வருஷக் கவலை! தேவசகாயம், பங்குனி வரைக்கும் ஒருத்தரும் அது பக்கத்துல போகக் கூடாது. இவங்களையே காவல் வையுங்க.”

ஆக, இடம் நிலைத்தது; வீடுதான் போனது. நானாக இருந்தால் ஒப்பாரி வைத்திருப்பேன். இவர்கள் கூட்டம் போட்டார்கள்.

“அத்தான், என் தலகாணி உள்ள இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்.”

“ஒருத்தரும்னா நாமளும்தான். போனா நாமளே உன்னை வெளியேத்தணும்.”

“அப்ப நாம எங்க இருக்கறது மதினி?” என்று சிற்றரசு கேட்டான்.

பூரணம் மேலே அண்ணாந்து பார்த்தாள். “நம்ம வீட்டை அதுங்க எடுத்துக்கிச்சு. அதுங்க வீடு சும்மாத்தானே கிடக்கு?”

அதிகாரியை வழியனுப்பிவிட்டு வனவர் திரும்பி வந்தபோது கரையில் யாரும் இல்லை. மருதமரத்தின் உச்சியில் ஆளுக்கொரு கூட்டின் மேல் நாலு பேரும் குந்தியிருந்தார்கள். பூரணம் கிளையில் சேலையைக் காயப்போட்டிருந்தாள்.

“கீழ இறங்குங்கய்யா!”

“நாயமாத்தான் மாத்திக்கிட்டோம் சார்” என்றார் ஏகாம்பரம்.

“குழாய்தான் இவ்வளவு உசரத்துக்கு எட்டல. கொஞ்சம் நீட்டித் தரச் சொல்லுங்க சார்” என்றாள் பூரணம்.

வனவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “பங்குனியில பறவைங்க போயிடுமே. அப்புறம் எங்க போவீங்க?”

“அதுங்களுக்குப் பருவம் தப்பாதாம் சார். அதுங்க கிளம்பறப்ப நாங்களும் பின்னாலயே கிளம்பிடறதா முடிவு பண்ணியிருக்கோம்.”

மாசிலாமணி இப்போதே காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், இறக்கை மாதிரி கையை அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறானாம்.