ஆடினதையெல்லாம் கழற்றிய அண்ணன் தம்பிகள்

கொக்கரைகுளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் பொதுவில் ஒரு பழைய பிக்கப் வண்டி. மூளையும் பொதுவில்தான், அதை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை.

மூத்தவன் கொம்பையாவுக்கு முப்பத்தாறு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா பலவேசம் கறாரான ஆள். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள மாப்பிள்ளை சொந்த வண்டியை ஓட்டிக்கிட்டு என் வாசலுக்கு வரணும். வந்தாத் தாம்பூலம் மாத்துவோம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார்.

வண்டியோ, வலது பக்கம் ஒடித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது பக்கம் போகும். புதன்கிழமை ரேஷன் கடைக்குக் கிளம்பி வாய்க்காலில் போய் நின்றது. கொம்பையா அழுதேவிட்டான்.

சின்னவன் மாடசாமி, டவுன் மெக்கானிக் மிக்கேலுக்குப் போன் போட்டான்.

"ஒருத்தன் உள்ள உக்காந்து ஸ்டியரிங்கை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுங்கடே. மத்தவன் பாக்கணும். எது லொடலொடன்னு ஆடுதோ, அதைக் கழத்திக் கொண்டாங்க" என்றார் அவர்.

கொம்பையா ஆட்டினான். கதவு ஆடியது. கழற்றினார்கள். கண்ணாடி, ஹாரன், நம்பர் பிளேட் எல்லாம் ஆடின. கழற்றினார்கள். சீட்டும் ஆடியது. அதையும் கழற்றிய பிறகு அவன் குத்தவைத்தபடி ஆட்டினான்.

"மிக்கேல் அண்ணாச்சி ஒண்ணைத்தானலே கேட்டாரு?" என்றான் நடுவுள்ளவன் பேச்சிமுத்து.

"எத்தனைன்னு அவரு சொல்லலையே. நாம எதுக்குக் குறைக்கணும்?" என்றான் மாடசாமி.

நியாயம்தானே! அப்போதுதான் பேச்சிமுத்து அண்ணனின் வாயை உற்றுப் பார்த்தான். "அண்ணே, ஒன் முன்பல்லும் ஆடுது."

"பல்லு வண்டியில சேருமாலே?"

"நீ வண்டிக்குள்ள இருக்கே. பல்லு ஒனக்குள்ள இருக்கு. அப்போ?"

கொம்பையா விரலால் பல்லை ஆட்டிப் பார்த்தான். ஆடத்தான் செய்தது. வாயைத் திறந்தான்.

கடைசியில் அடியில் கிடந்த கம்பிகளும் ஸ்டியரிங்கும் வந்தன. ஆட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் வேலை முடிந்தது.

ஆறு சாக்கு மூட்டை டவுன் பஸ்ஸில் போனது. மிக்கேல் தலையில் அடித்துக்கொண்டார். "கூறு கெட்ட பயலுவளா! சக்கரத்தைத் திருப்புத கம்பி மூட்டு ஒண்ணுதான் தேஞ்சிருக்கு. இந்தாங்க புதுசு. மத்ததையெல்லாம் முன்ன இருந்த மாதிரியே மாட்டுங்க."

வியாழக்கிழமை முழுக்க மாட்டி, இறுக்கி முடித்தார்கள். மாடசாமிக்குச் சந்தேகம் வந்தது. "முன்ன இருந்த மாதிரியேன்னுல்லா அண்ணாச்சி சொன்னாரு. முன்ன எல்லாமே ஆடிச்சேண்ணே?"

ஐயையோ! கதவிலிருந்து நம்பர் பிளேட் வரை அத்தனையையும் அவசர அவசரமாகத் தளர்த்தினார்கள். புது மூட்டு முன்னே இல்லாதது என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். பல் மட்டும் திரும்ப மாட்டிப் பார்த்தும் நிற்கவில்லை. கொம்பையா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வண்டி பலவேசம் வாசலில் நேராக வந்து நின்றது. கதவு சற்று முன்னதாகவே இறங்கிக்கொண்டது. பெண் ஜன்னல் வழியாக மாப்பிள்ளையின் பொக்கைச் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டாள். கொம்பையாவுக்குக் காலே தரையில் பாவவில்லை.

பலவேசத்துக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. "எனக்குச் சம்மதம்" என்று தலையை அங்கிட்டும் இங்கிட்டும் நன்றாக ஆட்டினார்.

மாடசாமி மெதுவாக ஸ்பேனரை எடுத்தான். "அண்ணே, மாமா தலை..."

"நானும் பாத்தேன். பொறு" என்றான் கொம்பையா. "முதல்ல தாம்பூலம் மாத்தட்டும். அப்புறம் கழத்திக்கிடலாம்."