மலைக்கல் சுண்ணாம்பு

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். மேகங்கள் மனிதர்களோடு பேசுவதை நிறுத்திக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அப்போது ஒரு மலைநாட்டை இருங்குன்றன் என்ற அரசன் ஆண்டான். உலகம் பிறந்த அன்றே தன் மலையும் பிறந்தது, மலையோடு தன் குலமும் பிறந்தது என்று அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவன் அவையில் கொற்றி என்று ஒருத்தி இருந்தாள். கற்களை ஆராய்வதே அவள் வேலை. கல்லைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுவாள். மலைக்கல்லை உடைத்தாள், உள்ளே கிளிஞ்சல்கள். கடற்கரைக்கே நடந்து போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே மாதிரிக் கிளிஞ்சல்கள். திரும்பி வந்து அவையில் சொன்னாள்.

"அரசே, நம் மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்திருக்கிறது."

அரசனுக்குச் சுருக்கென்றது.

"வழிப்போக்கர்கள் தின்று போட்டிருப்பார்கள்."

"கல்லுக்குள்ளா, அரசே?"

"பறவை கொண்டுவந்திருக்கும்."

"கல்லுக்குள்ளா?"

"எவனோ சிற்பி விளையாடியிருக்கிறான்!"

கொற்றி சிரித்துவிட்டாள். அதுதான் வினையாயிற்று.

"நாளை அவையில், நீ சொன்னது பொய் என்று நீயே சொல். இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ" என்றான் அரசன்.

அன்று மாலை கொற்றி மலையில் அலைந்தாள். இதைவிட்டால் அவளுக்கு வேறு உலகமில்லை. அழுகை வந்தது, அழுதாள். களைத்துப்போய்ப் பாறைமேல் படுத்தாள். தலைக்கு மேலே மீன்கள் மெல்ல நீந்திப் போவதுபோல் தோன்றியது. அந்தக் கடலை இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் தாம்பூலத் தட்டோடு வந்தாள். வெற்றிலை விஷயத்தில் அரசன் நாக்கு பொல்லாதது. எந்தக் கொடிக்கால் இலை என்று மென்றே சொல்லிவிடுவான்.

"அரசே, இதில் இரண்டு சுண்ணாம்பு இருக்கிறது. ஒன்று கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது. மற்றது நம் மலைக்கல்லைச் சுட்டு எடுத்தது. எது எது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் நானே போய்விடுகிறேன்."

அரசன் ஒன்றைத் தடவி மென்றான். மற்றதைத் தடவி மென்றான். மறுபடியும் முதலாவதையே மென்றான். வாய் சிவந்ததே தவிர பதில் வரவில்லை. குருட்டாம்போக்கில் ஒன்றைக் காட்டியிருக்கலாம். ஆனால் வெற்றிலை விஷயத்தில் அவன் பொய் சொன்னதே இல்லை.

"இரண்டும் ஒன்றுதான்" என்றான் மெதுவாக. "அப்படியானால் நம் மலையும் கிளிஞ்சல்தான். நண்டுக்கும் நத்தைக்கும் பிறகு வந்தவர்களா நாங்கள்?"

"எல்லோருமே அப்படித்தான், அரசே."

அரசன் மலையைத் திரும்பிப் பார்த்தான்.

"போகாதே, கொற்றி. இப்படி உட்கார். அந்தக் கடல் எப்படி இருந்திருக்கும், சொல்."

ஆகவே பிள்ளைகளே, நம் பெருமையைக் குறைப்பதானாலும் உண்மையை ஒப்புக்கொள்பவரே பெரியவர்.