தட்டிப் பார்த்த பிறகே கொத்திய மரங்கொத்தி

மலைக்காட்டில் உயரமான வெடிப்பலா மரம் ஒன்று இருந்தது. அதன் பொந்துக்குள் தேமொழி என்ற இருவாச்சிப் பறவை தன் இரண்டு குஞ்சுகளோடு அடைந்து கிடந்தாள்.

யாரும் அவளைச் சிறை வைக்கவில்லை. இருவாச்சிகளின் வழக்கமே அதுதான். முட்டையிடும் காலம் வந்ததும் தாய் பொந்துக்குள் புகுந்துகொள்வாள். மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடுவாள். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரே ஒரு கீறல்தான் மிச்சம். அவளுடைய இறக்கையின் நீண்ட இறகுகளும் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும் வரை பறக்க முடியாது. அப்பாதான் அத்திப்பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டுவார்.

தேமொழிக்கு இதுதான் முதல் தடவை. காற்றடித்தால் பயம். கிளை முறிந்தால் பயம். சின்னக் குஞ்சு தும்மினால்கூடப் பயம்.

கோடை மழை தொடங்கியது. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் பொந்தின் தரையில் தண்ணீர் தேங்கிவிட்டது. பெரிய குஞ்சு காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றது. சின்னது தூக்கவும் தெம்பில்லாமல் நடுங்கியது.

"என்னங்க! உள்ளே தண்ணி கட்டிக்கிட்டு நிக்குது. சின்னதுக்கு உடம்பெல்லாம் ஜில்லுனு இருக்கு!" என்று தேமொழி கீறல் வழியாகக் கூப்பிட்டாள்.

வெளியே கிளையில் அவள் கணவன் வல்லபன் இருந்தான். மூக்கின் மேல் இன்னொரு மூக்கை வைத்தது போல அவனுக்குப் பெரிய அலகு. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இவ்வளவுதானே? கீழே ஒரு ஓட்டை போட்டா தண்ணி தானா வெளியே போயிடும். அப்புறம் இந்த மூக்கு எதுக்கு இருக்கு?" என்றான்.

பக்கத்துக் கிளையில் இருந்த மலை அணில் ஓடி வந்தது. "அண்ணே, இடது பக்கம் தொட்டுப் பாருங்க, மெத்துனு இருக்கு. நாலு கொத்து போதும்! இதுக்கெல்லாம் யாராவது ஆள் கூப்பிடுவாங்களா? என் வீட்டைக் கட்டினதும் நான்தான், ரிப்பேர் பண்றதும் நான்தான்!"

"உங்க வீடு குச்சியும் இலையும் அண்ணா! இது மரம்!" என்றது உள்ளிருந்து தேமொழியின் குரல்.

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணி!"

"என்னங்க, அவர் சொல்றதைக் கேக்காதீங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்கொத்தி அக்கா இருக்காங்க இல்ல? அவங்களைக் கூட்டிட்டு வாங்களேன்!"

வல்லபன் சிரித்தான். "யாரு, அந்த இத்தனூண்டு மூக்குக்காரியா? வல்லபன் வீட்டுச் சுவத்துல இன்னொருத்தி வந்து ஓட்டை போட்டாள்னு காடே சிரிக்கும்! அது மட்டுமா? வெளியாளுக்கு நம்ம வாசல் தெரியலாமா? நல்லா யோசிச்சுப் பாரு!"

வெளியாள் என்றதும் தேமொழிக்கும் பயம் வந்தது. குஞ்சுகளை இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டாள்.

வல்லபன் இடது பக்கத்தைக் குறிபார்த்துக் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தான். மடார்! மரம் அதிர்ந்தது. மடார்! குஞ்சுகள் கத்தின. மூன்றாவது கொத்தில் சத்தம் மாறியது. 'சர்ர்ர்' என்று ஒரு விரிசல் கீழிருந்து கிளம்பி வாசல் பூச்சு வரை ஓடியது. பூச்சில் ஒரு கட்டி பெயர்ந்து, உள்ளே தண்ணீரில் விழுந்தது. இதுவரை வெயிலே பார்க்காத சின்னக் குஞ்சின் முதுகில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகமா இருந்துச்சு!" என்று சொல்லிவிட்டு அணில் இரண்டு மரம் தாண்டிப் போய்விட்டது.

தேமொழி அந்த வெளிச்சத்தையே பார்த்தாள். நேற்றுத்தான் மரத்தடியில் ஓர் உடும்பு மூக்கை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த விரிசல் இன்னும் கொஞ்சம் விரிந்தால் அது உள்ளே தலையை விட்டுவிடும். அவளுக்கோ பறக்க இறகில்லை. குஞ்சுகளுக்கு இன்னும் இறகே முளைக்கவில்லை.

"நிறுத்துங்க!"

அவ்வளவு சத்தமாக அவள் பேசி வல்லபன் கேட்டதில்லை.

"உங்க மூக்கு பழம் பறிக்கிற மூக்குங்க. இத்தனை நாளா எங்களை ஒரு வேளைகூடப் பட்டினி போடாத மூக்கு. அதை நான் என்னைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அதுக்கு மரத்தைப் பத்தித் தெரியாது. போய் அக்காவைக் கூட்டிட்டு வாங்க. காடு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்!"

வல்லபன் விரிசலைப் பார்த்தான். பிறகு ஓடையை நோக்கிப் பறந்தான்.

அவன் திரும்பும் வரை தேமொழி தன் முதுகை விரிசலில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். குஞ்சுகளை இறக்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். "கடவுளே, வர்றவங்க நல்லவங்களா இருக்கணும்" என்பது மட்டுமே அவள் வேண்டுதல்.

மரங்கொத்தி வந்தாள். வாலை மரத்தில் ஊன்றி உட்கார்ந்தாள். வந்ததும் கொத்தவில்லை. டொக் என்று லேசாக ஒரு தட்டு தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு சாண் ஏறி மறுபடி டொக். மறுபடி கேட்டாள்.

"இது என்னம்மா, தட்டிக்கிட்டே இருக்கே? எப்பத்தான் வேலையை ஆரம்பிப்பே?" என்றான் வல்லபன்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சு தம்பி" என்றாள் அவள். பிறகு கீறலுக்குப் பக்கத்தில் வந்து, "உள்ளே இருக்கிற தங்கச்சி! தண்ணி எந்தப் பக்கத்துல இருந்தும்மா வருது?" என்று கேட்டாள்.

இந்த மூன்று நாளில் யாரும் தேமொழியிடம் அதைக் கேட்கவில்லை.

"மேலே இருந்து அக்கா. வலது மூலையில. மழை நின்ன பிறகும் ரொம்ப நேரம் சொட்டிக்கிட்டே இருக்கு."

"நின்ன பிறகுமா? அப்போ மேலே எங்கேயோ தேங்கி நிக்குது. நல்லா கவனிச்சிருக்கே!"

மரங்கொத்தி விறுவிறுவென்று மேலே ஏறினாள். என்றோ முறிந்துபோன கிளையின் அடி, கிண்ணம் போலக் குழிந்திருந்தது. இலையும் சருகும் அதை அடைத்திருந்தன. அதில் நிறைய மழைத் தண்ணீர். அது வெளியே வழிய வழியில்லாமல் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. அவள் சருகை வாரி எறிந்தாள். கிண்ணத்தின் விளிம்பை வெளிப்பக்கம் மட்டும் கொத்தி ஒரு வாய்க்கால் வெட்டினாள். தேங்கிய தண்ணீர் கொடகொடவென்று மரத்துக்கு வெளியே ஊற்றியது.

இறங்கி வந்து, வல்லபன் கொத்திய இடத்தில் ஒரு தட்டு தட்டினாள். "தம்பி, இங்கே காதை வைங்க. எப்படிக் கேக்குது?"

"பொதபொதன்னு கேக்குது."

"உள்ளே பூராவும் புழு அரிச்சிருக்கு. அதான் மெத்துனு இருந்துச்சு. இன்னும் ரெண்டு கொத்து கொத்தியிருந்தீங்கன்னா, மரம் அடி வரைக்கும் பிளந்திருக்கும்."

வல்லபனின் பெரிய மூக்கு தொங்கிப் போயிற்று.

மரங்கொத்தி வலது பக்கம் போனாள். அங்கே தட்டியபோது மரம் கணீரென்று கேட்டது. "தங்கச்சி, பிள்ளைங்களை இறக்கைக்குள்ளே ஒதுக்கிக்கோ. தூசி விழும், கண்ணை மூடிக்கச் சொல்லு. பயப்படாதே, நான் இருக்கேன்."

டொக்டொக்டொக்டொக்! கீழ்நோக்கிச் சரிந்த ஒரு சின்னத் துளை. சுண்டெலிகூட நுழைய முடியாத துளை. தரையில் நின்ற தண்ணீர் அதன் வழியே ஒழுகி வெளியேறியது.

பிறகு தன் நீண்ட நாக்கை விரிசலுக்குள் விட்டாள். கொழுத்த புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்து விழுங்கினாள்.

"இந்த விரிசலை நான் தொட மாட்டேன்" என்றாள் கடைசியில். "பூச்சு வேலை எனக்கு வராது. அதுல இருவாச்சியை மிஞ்ச இந்தக் காட்டுல ஆளே கிடையாது. தம்பி, நீங்க மண்ணு கொண்டாங்க. தங்கச்சி உள்ளே இருந்து பூசட்டும்."

வல்லபனுக்கு உயிர் வந்தது. ஓடைக்கரைக்கும் மரத்துக்குமாகப் பறந்தான். தேமொழி குழைத்துக் குழைத்துப் பூசினாள். நல்லவேளையாக இரண்டு நாள் மழை வரவில்லை; வெயிலில் பூச்சு கல்லாக இறுகியது.

"கூலி என்ன அக்கா?" என்று முதல் நாளே அவள் கேட்டிருந்தாள்.

"வாங்கிட்டேனே! உங்க வீட்டைத் தின்னதை நான் தின்னுட்டேன். இனி நாளைக்குத்தான் பசிக்கும்!"

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. தேமொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையையே பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. தண்ணீர் வெளியே சலசலவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மழை விட்டதும் உடும்பு ஏறி வந்தது. புதுப் பூச்சை நகத்தால் பிறாண்டியது. பிறாண்டிப் பிறாண்டி அலுத்துப்போய் இறங்கிவிட்டது. சின்னக் குஞ்சு காய்ந்த தரையில் கழுத்தை மடக்கித் தூங்கியது. அதைப் பார்த்துத் தேமொழிக்குக் கண் நிறைந்தது.

தேமொழிக்கு இறகு மறுபடி முளைத்தது. குஞ்சுகளும் வளர்ந்தன. வாசலை உடைத்து வெளியே வந்த குஞ்சுகள் பறக்கப் பழகியதும், தேமொழி அவற்றை முதன்முதலாகக் கூட்டிப்போனது ஓடைக்கு அந்தப் பக்கம்தான். காட்டிலேயே பெரிய அத்திப்பழத்தை வல்லபன் அலகு நுனியில் தூக்கி வந்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று சொன்னான்: "எங்க வீட்டுச் சுவத்துல ஓட்டை போட்டது அந்தம்மாதான்!"

"ரொம்ப நன்றி, அத்தை" என்றது சின்னக் குஞ்சு, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே.

மரங்கொத்தி பழத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்குப் பழம் அவ்வளவா பிடிக்காது கண்ணு. ஆனாலும் அந்த வேருக்குப் பக்கத்துல அப்பாவை வைக்கச் சொல்லு. எறும்பு வரும். எறும்புன்னா எனக்கு உயிர்!"

கூரை ஒழுகினால் குஞ்சுகளின் உயிரைப் பணயம் வைத்துக் கைவேலை பழகாமல், வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவதும், அவர் செய்த உதவியை என்றும் மறவாமல் இருப்பதுமே வீட்டைக் காக்கும் அறிவு.