நடுக்குச்சி

நைல் நதிக்கு மேற்கே மன்னரின் பிரமிடு முப்பது அடுக்கு ஏறியிருந்த காலம் அது.

வருடத்துக்கொரு முறை ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரையிலிருந்து வெள்ளைக் கற்கள் படகேறி வரும். கரையில் இறக்கிச் சறுக்குக் கட்டையில் ஏற்றுவார்கள். ஒருவன் முன்னால் மணலை நனைத்துக்கொண்டே போவான். இருபது பேர் கயிறு பிடித்து இழுப்பார்கள். ஆனால் வந்த கல் நேரே மேலே ஏறிவிட முடியாது. முதலில் ஹெமக்காவின் முற்றத்துக்கு வர வேண்டும். அங்கேதான் கல்லின் முகங்களைச் சமமாகச் செதுக்குவார்கள்.

ஹெமக்கா செதுக்குபவர்களின் ஆசான். என்றோ ஒரு கல் உருண்டு நசுக்கியதில் ஒரு கால் சாய்த்துத்தான் நடப்பார். கண் மட்டும் சாயாது.

ஒரு காலை அவர் சொன்னார்.

"மூலைக்கல் இபிக்கு. அதன் பக்கத்துக் கல் செனெப்புக்கு. பத்து நாளில் இரண்டும் ஒட்ட வேண்டும்."

செனெப்புக்கு அடிவயிற்றில் யாரோ நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருந்தது.

அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. ஆசானைவிட இரண்டு வயதுதான் இளையவன். பன்னிரண்டு வருடமாக இந்த முற்றத்தில் உளி பிடிக்கிறான். அந்த மூலையில் இதுவரை வைத்த கல் எல்லாம் அவன் செதுக்கியதுதான். மூலைக்கல்லுக்கு இரண்டு முகம் வெளியே தெரியும். ஆற்றில் போகிற படகுக்காரன்கூட அண்ணாந்து பார்ப்பான். இன்னொன்றும் உண்டு. கல்லின் முதுகில், உள்ளே போய் மறைகிற பக்கத்தில், செதுக்கியவன் காவியால் தன் அடையாளத்தைப் போடலாம். செனெப் போடுவது ஒரு நாரை. இபி போடுவது ஒரு வாத்து.

இனி மூலையில் வாத்து உட்காரும்.

அந்த இபி வந்து மூன்று வெள்ளம்கூட முழுதாக ஆகவில்லை. வேலை செய்யும்போது பாடுவான். பாட்டு காதால் கேட்கிற மாதிரி இருக்காது. ஆனால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதுவும் செனெப்புக்குப் பிடிக்காது.

மற்றவர்கள் நகர்ந்ததும் செனெப் ஆசான் முன்னால் போய் நின்றான்.

"ஏன் அவனுக்கு?"

"பானை ஓடு ஒன்றைச் சுண்டிப் பார்த்தேன். கறுப்புப் பக்கம் விழுந்தால் இபி. சிவப்புப் பக்கம் விழுந்தால் நீ. கறுப்பு விழுந்தது."

"விளையாடாதீர்கள் ஆசானே."

"நீ கேட்டாய். சொன்னேன்."

"பன்னிரண்டு வருடம் உழைத்தவனுக்கு இதுதான் பதிலா?"

ஹெமக்கா உளியைக் கூர் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

செனெப்பின் மனைவி நெபெத் கூலியாட்களுக்கு ரொட்டி சுடும் அடுக்களையில் வேலை செய்தாள். நாள் முழுக்கச் சுடுசாம்பலிலிருந்து ரொட்டிப் பானைகளை எடுத்து எடுத்து அவள் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. அவள் நாக்கும் சூடுதான்.

"ரொட்டியை ஏன் அப்படிப் பிய்த்துப் போடுகிறீர்கள்? அது உங்களை என்ன செய்தது?"

"மூலைக்கல்லை அவனுக்குக் கொடுத்துவிட்டார்."

"அதனால் கூலி குறையுமா?"

"குறையாது."

"பீர்?"

"அதே குடம்தான்."

"பிறகு?"

"அவன் வாத்து மூலையில் போய் உட்காருமே!"

நெபெத் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கல்லின் முதுகில் போடுவதுதானே? மேலே ஏற்றிச் சேர்த்த பிறகு எந்த மன்னர் எட்டிப் பார்க்கப் போகிறார்? யார் கண்ணிலும் படாத இடத்தில் வாத்து இருந்தால் என்ன, நாரை இருந்தால் என்ன?"

"உனக்கு ஒன்றும் தெரியாது."

"ஒன்று தெரியும். இன்று மத்தியானம் இபி வந்து இன்னொரு ரொட்டி கேட்டான். சிரித்த முகமாகக் கேட்டான். சிலரைப் போல உர்ரென்று நிற்கவில்லை."

"கொடுத்தாயா?"

"கொடுத்தேன். பெரியதாகப் பார்த்து."

அதற்குப் பிறகு செனெப்புக்கு ரொட்டி இறங்கவில்லை.

செதுக்குபவன் ஒவ்வொருவனிடமும் மூன்று குச்சிகள் இருக்கும். மூன்றும் ஒரே உயரம். கல்லின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு குச்சியை நிறுத்தி, தலைக்குத் தலை நூலை இழுத்துக் கட்டுவார்கள். மூன்றாவதுதான் நடுக்குச்சி. அதைக் கல்லின் மேல் நிறுத்தியபடி நூலுக்கு அடியில் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தலை நூலை இடித்தால் கல் அங்கே மேடு. உளி வைக்க வேண்டும். தலைக்கும் நூலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். இடிக்காமலும் விலகாமலும் ஓடினால் கல் சமம்.

நடுக்குச்சி கொஞ்சம் குட்டையானால் போதும். மேடு மேடாகத் தெரியாது. கல் வயிறு தள்ளி நிற்கும். செதுக்கியவனோ சமம் என்று நினைத்து உளியைத் துடைத்து வைத்துவிடுவான்.

மறுநாள் உச்சிப்பொழுது. எல்லோரும் ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும் போயிருந்தார்கள். மூலைக்கல்லின் மேல் துணிக்கு அடியில் இபியின் குச்சிகள் கிடந்தன. செனெப் நடுக்குச்சியை எடுத்தான். சொரசொரப்பான கல்லொன்றில் நாலு இழுப்பு. ஒரு முடியளவு போயிருக்கும். திரும்ப வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அவனுக்குப் பசித்தது. இரண்டு ரொட்டி தின்றான்.

அடுத்த நாள் காலை இபி வந்தான். மூன்று குச்சிகளையும் ஒரு பலகையில் ஒட்டி நிறுத்தினான். தலைகளின் மேல் பெருவிரலை ஓட்டினான்.

"அடடா, தேய்ந்துவிட்டதே!"

செனெப் தன் நூலைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டான்.

இபி யாரையும் கேட்கவில்லை. மற்ற இரண்டு குச்சிகளையும் எடுத்து, நடுக்குச்சிக்குச் சமமாக வரும்வரை தேய்த்தான். திரும்பவும் பெருவிரலை ஓட்டினான். பாடத் தொடங்கினான்.

உச்சிப்பொழுதில் செனெப் எட்டு இழுப்பு இழுத்தான்.

காலையில் பெருவிரல். "இன்றைக்கும் தேய்ந்திருக்கிறதே!" இரண்டு குச்சிகள் குட்டையாயின. பாட்டு.

செனெப் பன்னிரண்டு இழுப்பு இழுத்தான்.

இப்படியே போயிற்று. செனெப்புக்கு வேறு நினைப்பே இல்லை. தன் கல்லின் மேல் உளி வைப்பான். காது அந்தப் பக்கம் இருக்கும். தன் நூலைக் கட்டுவான். கண் அந்தப் பெருவிரலின் மேல் இருக்கும். இபி சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று எரியும். சிரிக்காவிட்டால், கண்டுபிடித்துவிட்டானோ என்று எரியும். யாராவது இபியின் தோளில் தட்டிவிட்டுப் போனால் அன்றைக்கு நாலு இழுப்பு அதிகம்.

எட்டாம் நாள் இபி தன் குச்சிகளைத் தூக்கிக் காட்டினான்.

"செனெப் அண்ணே, பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு உயரம் இருந்தது. மூன்று விரலுக்கு வந்துவிட்டது. கல்லைவிட முதலில் குச்சி முடிந்துவிடும் போலிருக்கிறது."

"கல் பொல்லாத கல்லாக இருக்கும்" என்றான் செனெப்.

"இருக்கும் அண்ணே. மூலைக்கல் இல்லையா? கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்!"

அண்ணே என்று கூப்பிட்டது வேறு செனெப்புக்கு எரிந்தது.

பதினோராம் நாள் காலை. கயிற்றுக்காரர்கள் இருபது பேரும் வந்து நின்றார்கள். மேலே ஏற்றுவதற்கு முன் இரண்டு கல்லையும் கீழேயே சேர்த்துப் பார்ப்பது வழக்கம். நெம்புகட்டைகளைக் கொடுத்துச் செனெப்பின் கல்லை அங்குலம் அங்குலமாக மூலைக்கல்லோடு தள்ளினார்கள்.

கல்லும் கல்லும் தொட்டன. தொட்டது நடுவில் மட்டும்தான். இரண்டு ஓரத்திலும் ஒரு பார்லி மணி நுழையும் அளவுக்கு இடுக்கு.

கயிற்றுக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள்.

செனெப்பின் வயிறு குளிர்ந்தது. பதினோரு நாளில் முதல்முறையாகக் குளிர்ந்தது. ஒருநாள் இபியின் பெருவிரல் தவறியிருக்கிறது. ஒருநாள் போதுமே!

"வயிறு தள்ளியிருக்கிறது ஆசானே" என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "மூலைக்கல்லைப் பாருங்கள்."

கற்களை விலக்கினார்கள். ஹெமக்கா தன் சொந்தக் குச்சிகளோடு வந்தார். மூலைக்கல்லின் ஓரங்களில் நிறுத்தி நூலைக் கட்டினார். நடுக்குச்சியை நகர்த்தினார். இடிக்கவில்லை. விலகவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடியது.

பிறகு செனெப்பின் கல்லுக்கு வந்தார். நூலைக் கட்டினார். நடுக்குச்சி பாதி தூரம் போயிற்று. தலை நூலை முட்டித் தள்ளியது.

"இருக்காது!" என்றான் செனெப். "நூல் கட்டிப் பார்த்துத்தான் முடித்தேன். என் குச்சியில் சமம்."

"உன் குச்சிகளைக் கொண்டு வா."

செனெப் கொண்டுவந்தான். பலகையில் ஒட்டி நிறுத்தினான். அவன் பெருவிரல் அந்தத் தலைகளின் மேல் ஓடி நடுவில் இறங்கியது. திரும்ப ஓட்டினான். திரும்பவும் இறங்கியது.

ஒரு கணம் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது.

"யாரோ என் குச்சியைத் தேய்த்திருக்கிறார்கள்!"

குச்சியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

"நான் இல்லாத நேரம் பார்த்துத் தேய்த்திருக்கிறார்கள்! உச்சிப்பொழுதில்! சொரசொரப்பான கல்லில்! மூலைக்கல் கிடைத்தும் போதவில்லை இவனுக்கு!" விரல் இபியை நோக்கி நீண்டது.

கயிற்றுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குச்சியைத் திருடினால் அடுப்பெரிக்கவாவது ஆகும்" என்றான் ஒருவன். "தேய்த்துவிட்டுத் திரும்ப வைப்பதா? இப்படியெல்லாம் யாருக்கப்பா தோன்றும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

இபிக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"யாரும் தேய்க்க வேண்டாமே அண்ணே. நடுக்குச்சி நாள் முழுக்கக் கல்லின் மேல் உரசுகிறது. தன்னால் தேயும். அதற்குத்தானே காலையில் விரல் ஓட்டிப் பார்க்கிறோம். நீங்கள்தானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், நான் வந்த முதல் வாரம்? இந்தப் பத்து நாள் நீங்கள் பார்க்கவில்லையா?"

பன்னிரண்டு வருடம் ஒரு காலைகூடத் தவறாமல் விரல் ஓட்டிப் பார்த்தவன் செனெப். இந்தப் பத்துக் காலையும் அவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவனுக்குத் தெரியும். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

இபி குனிந்து தன் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தான். மூன்று விரல் உயரம்தான் இருந்தன. நிமிர்ந்து செனெப்பைப் பார்த்தான். திரும்பவும் குச்சிகளைப் பார்த்தான்.

தண்ணீர்க் குடம் இருந்த பக்கம் நடந்தான். அன்று அவன் பாடவில்லை.

"மூலைக்கல்லை ஏற்றுங்கள்" என்றார் ஹெமக்கா. "அடுத்த கல் இரண்டு நாள் கழித்து வரும்."

கயிறுகள் இறுகின. தண்ணீர் தெளிப்பவன் முன்னால் போனான். வாத்து முதுகில் ஏற, மூலைக்கல் சாய்தளத்தின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்து போனது. முற்றத்தில் ஆசானும் செனெப்பும் வயிறு தள்ளிய கல்லும் மட்டும் மிஞ்சினார்கள்.

செனெப் உளியைத் தட்டும் கொட்டாப்புளியை எடுத்தான். கீழே வைத்தான்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"பார்த்தேன்."

"எத்தனை நாள்?"

"நீ எத்தனை நாள் செய்தாயோ அத்தனை நாளும்."

"ஏன் கையைப் பிடிக்கவில்லை?"

"அவன் கல் கெட்டிருந்தால் பிடித்திருப்பேன்."

"என் கல் கெட்டதே!"

"உன் கல்லைக் கெடுத்தவனை நான் பார்க்கவில்லை. நீதான் இன்றைக்கு உன் குச்சியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினாய்."

செனெப் கல்லின் மேல் உட்கார்ந்தான். அழுகையா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. பத்து நாளாக நெஞ்சில் கிடந்து அறுத்த அந்த ஒன்றை மட்டும் அவனால் விட முடியவில்லை.

"சுற்றி வளைக்க வேண்டாம் ஆசானே. முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவன் என்னைவிட நல்ல செதுக்குக்காரன். அப்படித்தானே?"

"ஆமாம்."

"என்னைவிட?"

"உன்னைவிட."

"இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே! நான் கேட்டேனே, இதே இடத்தில் நின்று!"

ஹெமக்கா சாய்ந்த காலை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"அன்றைக்கு ஓட்டைத்தான் சுண்டினேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது பொய், செனெப்."